ஒரு குடும்பம் கட்டிய பாலம்

நேயர்களுக்கு வணக்கம். சத்திரம், மண்டபம், தெப்பக்குளம், பள்ளிக்கூடம் என்று நம் திருநெல்வேலிச் சீமையில் வசதியான குடும்பங்கள் விட்டுப்போனவை ஏராளம். இன்று நான் பேச வந்தது வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் ஆற்றுப்பாலத்தைப் பற்றி. சுலோசன முதலியார் பாலம்.

பாலம் வருவதற்கு முந்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை. அங்கே கோட்டையும் பட்டாளமும். மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருவும். நடுவில் தாமிரபரணி. அக்கரை போகப் படகுதான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. வைத்தியரோ வியாபாரியோ, யாராயிருந்தாலும் தண்ணீர் வடியும்வரை கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பாலம் கட்டலாம் என்று அப்போது ஆட்சி செய்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் யோசித்தபோது செலவு ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் என்று கணக்கானது. அந்தக் காலத்து அரை லட்சம்! ஊரில் வசூல் பண்ணலாம் என்று பேச்சு எழுந்தது. கலெக்டர் கச்சேரியில், அதாவது அலுவலகத்தில், சிரஸ்தார் என்ற தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார், முழுச் செலவையும் தாமே தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1843 நவம்பரில் பாலம் திறந்தது. பதினோரு வளைவுகள், 760 அடி நீளம்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி உத்தியோகம் பார்த்துச் சேர்த்த சொத்து என்பார்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனிதான் அது. இதை மறைத்துவிட்டுப் புகழ்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தச் சொத்து நிலமாகவும் நகையாகவும் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

1869 வெள்ளத்தில் சில வளைவுகள் இடிந்து விழுந்தன. இரண்டே வருஷத்தில் திரும்பக் கட்டினார்கள். அப்புறம் போக்குவரத்து பெருகப் பெருக, பாலத்தையும் அகலப்படுத்தினார்கள். முதலில் கொடுத்தது ஒரு குடும்பம். காப்பாற்றி வருவது ஊர். 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை இரண்டையும் ஒரே மாநகராட்சியாக்கினார்கள். அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே இந்த இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிட்டது. பாளையில் படிப்பு, டவுனில் ஜவுளி, ஜங்ஷனில் ரயில், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் என்று ஒரே நாளில் நாலு வேலையை முடிக்கிறோமே, அது பாலம் தந்த வசதி.

திருநெல்வேலி ம.தி.தா. இந்துக் கல்லூரியும் இந்தப் பாலம் போலக் கொடையால் பயன்பெற்றதுதான். பாரதியார் அங்கே பள்ளிப் பாடம் படித்தார். புதுமைப்பித்தன் பட்டம் வாங்கினார். மதுரை திரவியம் தாயுமானவர் என்ற கொடையாளர் பெயர்தான் அந்த மூன்று எழுத்து என்று அங்கே படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கோடையில் தண்ணீர் குறைந்ததும் பிள்ளைகளைக் கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள். பஸ்ஸில் போகிறபோது கைப்பிடிச் சுவர் மட்டும்தான் கண்ணில் படும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்த வளைவுகளின் கட்டுமானம் புரியும். கட்டியவர் பெயரை அங்கேயே வைத்துச் சொல்லுங்கள். மாநகராட்சிக்கும் ஒன்று: தூண்களின் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால், வேர் கல்லுக்குள் இறங்குமுன் எடுத்துவிடுங்கள். வணக்கம்.