வேஷத்துக்கே தீர்ப்புக் கொடுங்க!

நடுவர் அவர்களே, தருமபுரி சனங்களே, வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ராக் மேடையில ஜெயிக்கிறது குரலா, வேஷமா? குரலுக்காகப் பேசின எதிரணி அண்ணன், குவீன்ங்கிற இங்கிலாந்து ராக் குழுவோட பாடகர் ஃபிரெடி மெர்குரிய வச்சு ஒரு போடு போட்டார்: "ஒடஞ்ச மைக் கம்பிய வச்சிக்கிட்டு ஆடினவரு. குரல் இல்லன்னா அந்தக் கம்பி எதுக்கு ஆகும்?" நீங்களும் கை தட்டிட்டீங்க. அந்தக் கம்பிய நான் விடறதா இல்ல.

மைக் ஸ்டாண்டுன்னா அடியில கனமான இரும்புத் தட்டு, நடுவுல குழாய், உச்சியில மைக். தூக்கிட்டு ஓடினா அடிப்பாரம் கைய இழுக்கும், முழங்கால்ல இடிக்கும். குவீனோட ஆரம்ப காலம். பாட்டு நடுவுல ஸ்டாண்டு ரெண்டாப் போச்சு. வேற பாடகரா இருந்தா பாட்ட நிறுத்திட்டு மைக்செட்டுக்காரரத் தேடுவார். இவரு நிறுத்தல. கையோட வந்த மேல்பாதிய வச்சே பாடி முடிச்சார். சரி, அப்புறமாவது முழு ஸ்டாண்டு கேட்டாரா? கேக்கல! பின்வரிசைக்கும் கேக்கட்டும், மறுபடி சொல்றேன்: ஒடஞ்சத ஒட்டவே இல்ல! 1986ல இங்கிலாந்து நெப்வொர்த்துல அவரு குவீனோட பாடின கடைசிக் கச்சேரி வரைக்கும் அதே பாதிதான். பாரம் போனதும் அது கிதார் ஆச்சு, வாள் ஆச்சு, செங்கோலும் ஆச்சு.

1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டின கச்சேரி. 72,000 பேர். குவீனுக்கு 21 நிமிஷம். சாயங்கால வெளிச்சத்துல லைட்டு எடுபடாது. "அன்னிக்கு வெள்ளை பனியன், ஜீன்ஸ்தானே? வேஷம் எங்க?"ன்னு அண்ணன் கேக்கலாம். அண்ணா, கடைசி வரிசைக்கு முகம் தெரியாது, நிக்கிற தோரணைதான் தெரியும். கைய நீட்டி கம்பிய ஒசத்தினா ஆளே ரெண்டு மடங்கு. நம்ம பாரதக் கூத்துல துரியோதனனுக்குப் புஜக்கட்டையும் ஒசரமான கிரீடமும் வேற எதுக்குக் கட்டறாங்க? நடுவுல "ஏ... ஓ"ன்னு மட்டும் இழுத்தார். சொல்லே கிடையாது! மொத்தக் கூட்டமும் திருப்பி இழுத்துச்சு. ராஜா கேட்டான், சனம் கொடுத்துச்சு.

அந்த ராஜா யாரு? ஆப்பிரிக்காப் பக்கம் இருக்கிற சான்சிபார் தீவுல பொறந்த ஃபரூக் புல்சாரா. நம்ம மகாராஷ்டிராவுல இருக்கிற பஞ்சகனி விடுதிப் பள்ளிக்கூடத்துல படிச்ச பார்சிப் பையன். வாயில நாலு பல்லு கூடுதல், சிரிக்கிறப்ப கையால மூடிக்கிற அளவுக்குக் கூச்சம். அந்தப் பையன அத்தனை பேர் முன்னால நிறுத்தினது மெர்குரிங்கிற வேஷம்தான்.

1991 மே. எய்ட்ஸ் உடம்ப உருக்கிடுச்சு. கடைசி வீடியோவுக்கு வர்றார். முகத்துல கனமான மேக்கப், பூனைப் படம் வரைஞ்ச வெயிஸ்ட்கோட்டு. மெலிவு கண்ணுல அடிக்கக் கூடாதுன்னு கறுப்பு வெள்ளையில வெளியிட்டாங்க. நிக்கிறதே பாடு. ஆனாலும் நிமிர்ந்து நின்னார். நவம்பர் 24ல போயிட்டார், வயசு 45.

அண்ணா, அன்னிக்கு அந்த மனுஷனைத் தாங்கினது தொண்டையா? நடுவர் அவர்களே, தீர்ப்ப வேஷத்துக்கே கொடுங்க. வணக்கம்.