ஆஞ்சியோ படத்தில் நாய்ஸை நீக்கினால் மெல்லிய குழாய்களும் மறைவது ஏன்?

வணக்கம். பயோமெடிக்கல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "ஆஞ்சியோகிராம் படங்களுக்கு மீடியன் ஃபில்டர் போட்டேன். புள்ளிகள் போய்விட்டன, கூடவே மெல்லிய ரத்தக் குழாய்களும் போய்விட்டன. வேறு வழி உண்டா?"

உண்டு. முதலில் அவை ஏன் போயின என்று பார்ப்போம். மீடியன் ஃபில்டர் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி ஒரு கட்டம் எடுத்து, அதிலுள்ள மதிப்புகளை வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை அந்தப் பிக்சலுக்கு வைக்கும். 5-க்கு 5 கட்டம் என்றால் 25 பிக்சல். 2 பிக்சல் அகலத்தில் நேராகப் போகும் குழாய் அதில் 10 பிக்சலைத்தான் பிடிக்கும். வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 13-வது மதிப்பு, அது பின்னணியுடையது. குழாய் தோற்றுவிடுகிறது. 3-க்கு 3 கட்டத்தில் அதே குழாய்க்கு 9-ல் 6 கிடைப்பதால் தப்பிக்கும்.

சரி, இந்தப் புள்ளிகள், அதாவது நாய்ஸ், எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி கருவியின் கோளாறு அல்ல. தூறல் தொடங்கும்போது தரையில் துளிகள் சமமாக விழுவதில்லையே, எக்ஸ்ரேயின் துகள்களான ஃபோட்டான்களும் அப்படித்தான். ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் 1 சதவீதம்தான். நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்வீச்சு வேண்டும். நோயாளிக்கும், பக்கத்தில் நிற்கும் மருத்துவர், செவிலியருக்கும் அது நல்லதல்ல. அதனால்தான் ஃபுளூரோஸ்கோப்பியில் (எக்ஸ்ரேயை நேரடி வீடியோவாகப் பார்க்கும் முறை) கதிர்வீச்சின் அளவை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள்.

ஃபோட்டான் எண்ணிக்கையைப் பொறுத்து இந்த நாய்ஸ் படத்தில் இடத்துக்கு இடம் மாறும். எக்ஸ்ரேயைப் பதிவு செய்யும் டிடெக்டரின் மூலத் தரவு கிடைத்தால், வர்க்கமூல மாற்றம் செய்துவிட்டு (ஒவ்வொரு பிக்சல் மதிப்புக்கும் வர்க்கமூலம் எடுத்து) ஃபில்டர் போடுங்கள். நாய்ஸ் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும்.

அப்புறம், உங்களிடம் இருப்பது ஒரு படம் அல்ல, வீடியோ. நான்கு ஃபிரேமைச் சராசரி எடுத்தால் கதிர்வீச்சைக் கூட்டாமலே நாய்ஸ் பாதியாகும். கால், மூளைக் குழாய்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். இதயத்தில்தான் சிக்கல். நொடிக்கு 15 ஃபிரேம் என்றால் நான்கு ஃபிரேமுக்குக் கால் நொடிக்கு மேல் ஆகிறது, அதற்குள் குழாய் நகர்ந்து படத்தில் நிழல் போல இரட்டையாகத் தெரியும். அசைவைக் கணக்கிட்டுச் சரிக்கட்டிய பிறகு சராசரி எடுங்கள், அல்லது மாற்றம் அதிகமுள்ள பிக்சலில் பழைய ஃபிரேமின் பங்கைக் குறையுங்கள்.

ஒரே படம்தான் இருக்கிறதா? குழாயின் திசையிலேயே மென்மையாக்கும் ஃபில்டர் எடுங்கள், குறுக்கே போகக் கூடாது. ஏஐ முறைகள் இன்னும் அழகான படம் தரும். ஆனால் எனக்கு அதில்தான் கவலை அதிகம்: குறுகிய அடைப்பு ஒன்றை அது வழவழப்பான, ஆரோக்கியமான குழாயாக மாற்றிவிட்டால், படத்தைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

அதனால் எந்த முறையானாலும் ஒரு சோதனை செய்யுங்கள். மூலப் படத்திலிருந்து சுத்தம் செய்த படத்தைக் கழியுங்கள். மிச்சத்தில் வெறும் புள்ளிகள் மட்டும் இருக்க வேண்டும். குழாயின் கோடு தெரிந்தால் நீங்கள் குழாயையும் அழித்திருக்கிறீர்கள். ஃபில்டரின் வலிமையைக் குறைத்து, அடைப்புள்ள இடத்தைப் பெரிதாக்கி மறுபடி பாருங்கள்.