கதவை அடைக்கக் கால் மணித்தியாலம்

அன்பானவர்களே,

தினமும் தனியாக ஜெபிக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. புதுவருட ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகையில் தீர்மானமும் இருக்கிறது. தைப்பொங்கலுக்குள் அது கரைந்துவிடும். எத்தனை மணிக்கு, எந்தக் கதிரையில், எந்த வேதப்பகுதி என்று முடிவு செய்யாமலே படுக்கப் போகிறோம். காலையில் அதை யோசிக்கவே நேரம் போய்விடுகிறது. அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மாற்கு முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் பட்டணம் முழுவதும் வாசலில் கூடியிருந்தது. மறுநாள் இருட்டோடே எழும்பி இயேசு தனியிடம் தேடிப் போகிறார். இந்த 35ஆம் வசனத்தை எல்லோரும் சொல்வோம்; அடுத்த இரண்டையும் விட்டுவிடுவோம். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவருடைய தனிமைக்கே இடைஞ்சல் வந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் வராதா?

முதலில் நேரம். பிள்ளைகளின் வேன் ஆறேகாலுக்கு வாசலில் ஹோர்ன் அடிக்கும் வீட்டில் ஆறு மணி சரிவராது. ஐந்து மணிக்கு உட்காருங்கள், அல்லது வேன் போன பிறகு உட்காருங்கள். ஐந்துக்கு எழும்புகிறவர் பத்துக்குப் படுக்க வேண்டும். நள்ளிரவு வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு, விடியற்காலை கண் சொக்கினால் சாத்தானைத் திட்டுவது நியாயமில்லை. இரவுதான் வசதியென்றால் இரவே இருக்கட்டும்.

இடம் ஒரு கதிரை போதும். கட்டில் வேண்டாம், தூக்கம் வரும். வேதாகமம், கொப்பி, பேனை மூன்றையும் முதல்நாள் இரவே அங்கே வைத்துவிடுங்கள். ஃபோன் அடுத்த அறையில் கிடக்கட்டும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. ஃபோனில்தான் வேதம் வாசிப்பேன் என்றால் இணையத்தை நிறுத்திவிட்டு வாசியுங்கள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் வசனப் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவது தியானக் கணக்கில் சேராது! வீட்டில் இடமே இல்லாதவர்கள் வேலைக்குப் போகும் வழியில் திறந்திருக்கும் ஆலயத்தில் கால் மணித்தியாலம் இருக்கலாம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் என்றால் செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள், அன்று சனம் நெரியும்.

பதினைந்து நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது? இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், பேச வேண்டாம். ஐந்து நிமிடம் வாசியுங்கள். ஆறு நிமிடம் வாசித்ததைக் கொண்டு ஜெபியுங்கள். கடைசி இரண்டு நிமிடம் மறுபடியும் மௌனம். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் கீகோ வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்று நான்கு படி எழுதிவைத்தார். இதுவும் ஏறக்குறைய அந்த வழிதான்.

மாற்கு 10:46 முதல் 52 வரை எடுத்துக்கொள்ளுங்கள், ஏழே வசனம். முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் தடவை மெதுவாக, மனதில் எது தடுக்கிறதோ அங்கே நில்லுங்கள். இயேசுவைக் கூப்பிட்ட குருடன் பர்திமேயுவைப் பேசாதிரு என்று அதட்டியவர்கள் இயேசுவோடு நடந்துபோன கூட்டத்தார் என்பது ஒருவரை நிறுத்தும். குருடன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழும்பியது இன்னொருவரை நிறுத்தும். வழியோரப் பிச்சைக்காரனுக்கு வேறென்ன சொத்து? பிறகு இயேசு கேட்ட கேள்விக்கு வாங்க: உனக்கு நான் என்ன செய்யவேண்டும்? அதற்கு உங்கள் பதிலே அன்றைய ஜெபம். கொப்பியில் ஒரே வரி எழுதுங்கள். பக்கம் பக்கமாக எழுதினால் அது பிரசங்கக் குறிப்பாகிவிடும், பிரசங்கிமாருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

மனம் அலையும். மின்கட்டணம், டியூஷன் காசு எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் நினைவுக்கு வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துவிட்டு, நின்ற வசனத்துக்குத் திரும்புங்கள். நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் ஓட்டி ஒரு வருடத்தில் வேதத்தை முடிக்கும் அட்டவணை நல்லதுதான், ஆனால் அதை இந்த நேரத்துக்குள் திணித்தால் கணக்கு முடியும், தியானம் நடக்காது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 119ஆம் சங்கீதம் இருக்கிறது: எட்டெட்டு வசனமாக 22 பகுதி, நாளுக்கு ஒன்று. இடையில் மூன்று நாள் தவறிப்போனால் அந்த மூன்றையும் நான்காம் நாள் சேர்த்து வாசிக்கப் போகாதீர்கள். கடன் ஏறினால் ஆள் கதிரைப் பக்கமே வரமாட்டார். விட்ட பகுதியிலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான்.

இரவுக்கு, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தந்த ஆன்ம சோதனை ஐந்து நிமிடத்தில் முடியும்: நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, நாளைத் திருப்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம். நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். பிழையிலிருந்து தொடங்குகிறவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள்.

கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குக் கதிரையும் இல்லை, கடிகாரமும் இல்லை. 131ஆம் சங்கீதத்தைப் பாடமாக்குங்கள். மூன்றே வசனம், தாயோடு இருக்கும் பால்மறந்த பிள்ளையைப் பற்றியது. பால் கொடுக்கும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். கணவன்மாருக்கும் ஒரு வேலை இருக்கிறது: தினமும் கால் மணித்தியாலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள், போகும்போது கதவை அடைத்துவிட்டுப் போங்கள்.