அஷ்டமி, நவமியில துக்குனுக்குப் போங்க

[காட்சி: சமையலறைச் சுவர்ல தினசரி நாட்காட்டி. ஒரு விரல் "நவமி"ங்கிற எழுத்து மேல நிக்குது.]

இந்தத் தாளைப் பாருங்க. நவமி. மலேசியாவுல கெடா மாநிலத்துல இருக்கிற எங்க பெடோங் வீட்டுல இன்னிக்கு யாரும் புது மோட்டார் சைக்கிள் எடுக்க மாட்டாங்க, பொண்ணு பாக்கப் போக மாட்டாங்க. நான் மட்டும் தூண்டில் பையைத் தூக்கிட்டுக் கிளம்புவேன். "உனக்கு வேற நாளே கிடைக்கலையாடா?"ன்னு அம்மா வாசல்ல நின்னு கேப்பாங்க. கிடைக்கலம்மா. துக்குனுக்கு, அதாவது கடலுக்கடியில இருக்கிற செயற்கைப் பாறைக்கு மீன் பிடிக்கப் போக, இதைவிட நல்ல நாள் கிடையாது. ஏன்னு சொல்றேன்.

[காட்சி: செம்பனைத் தோட்டத்துச் சாலை. பின்னால ஜெராய் மலை.]

பெடோங்லேருந்து மெர்போக் வழியா தஞ்சோங் டாவாய் போறதுக்கு அரை மணி நேரம் போதும். கருவாட்டுக் கடை வாசம் வந்தா படகுத்துறை கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம். நம்ம படகு 18 அடி ஃபைபர், 40 குதிரை எஞ்சின். மூணு பேரு, ஒரு ஐஸ் பெட்டி. நாலாவது ஆளு வர்றேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, அது மச்சானா இருந்தாலும் சரி.

துக்குன்னா என்ன? மலாய்க்காரங்க "துக்குன் தீருவான்"னு சொல்றது செயற்கைப் பாறை. மனுசன் கடலுக்கு அடியில இறக்கி வச்ச மீன் வீடு. மலேசியாவுல இது ஆரம்பிச்சதே நம்ம கெடாவுலதான். 1975-ல மீன்வளத்துறை பழைய டயர்களைக் கட்டி, தெலோர் தீவுப் பக்கம் இறக்குனாங்க. தெலோர், பீடான், சொங்சொங் எல்லாம் நமக்கு எதிர்ல இருக்கிற தீவுங்கதான். "உங்க பாட்டி வெட்டுன பாலுதான் டயராகி, மீனுக்கு லயம் கட்டிக் கொடுத்திருக்கு"ன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. ஆதாரம் கேக்காதீங்க. தோட்டத்துல பொறந்தவங்க ரப்பர்ல எதைப் பாத்தாலும் சொந்தம் கொண்டாடுவாங்க.

டயர் எல்லா இடத்துலயும் ஒழுங்கா உக்காரல. அமெரிக்காவுல ஃபுளோரிடா கரையில 1970-கள்ல கிட்டத்தட்ட 20 லட்சம் டயரை இறக்குனாங்க. கட்டுன கம்பி துருப்பிடிச்சு அறுந்து, டயரெல்லாம் உருண்டு போயி பக்கத்துல இருந்த நிஜமான பவளப்பாறையையே இடிச்சுது. அதே நாட்டுல அலபாமாக்காரங்க 1953-லயே 250 பழைய காரைக் கடல்ல தள்ளி மீன் பிடிச்சிருக்காங்க, அது வேற கதை. நம்ம ஊர்ல பின்னாடி கான்கிரீட்டுக்கு மாறிட்டாங்க. அதுல இன்னொரு லாபம் உண்டு. கனமான கான்கிரீட் கிடக்கிற இடத்துல இழுவை மடிக்காரன் வலையை இழுத்தா வலைதான் கிழியும். சரவாக்குல கடலாமைங்களைக் காப்பாத்துறதுக்கே இப்படி கான்கிரீட் உருண்டைகளைப் போட்டிருக்காங்க.

[காட்சி: சேத்துத் தரையில ஒரு கான்கிரீட் கட்டை. கையால வரைஞ்ச படம்.]

நம்ம பக்கத்துக் கடல் அடி பெரும்பாலும் சேறு. மைல் கணக்கா ஒண்ணுமே இருக்காது. அதுல கெட்டியா ஒரு பொருள் கிடந்தா சிப்பி ஒட்டும், பாசி பிடிக்கும், நண்டு வரும், சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தேடி கெராப்பு (களவா), ஜெனாஹாக் (ஸ்னாப்பர் வகை), சியாக்காப் (கொடுவா) எல்லாம் வரும். மீன் துக்குனுக்கு நடுவுல மட்டும் இருக்குன்னு நெனச்சிடாதீங்க. தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருதோ, அந்தப் பக்கத்து ஓரத்துலதான் வேட்டை மீன் காத்துக்கிட்டு இருக்கும். இரை மிதந்து வர்ற வழி அதுதானே. கெராப்பு மட்டும் கடன்காரன் மாதிரி பொந்துக்குள்ள பதுங்கி இருக்கும்.

சரி, இப்ப நவமிக்கு வருவோம்.

[காட்சி: மேசை மேல ஆரஞ்சுப் பழம் சூரியன், எலுமிச்சம்பழம் பூமி, புளியங்கொட்டை நிலா.]

அமாவாசையிலயும் பௌர்ணமியிலயும் சூரியன், நிலா, பூமி மூணும் ஒரே நேர்கோட்டுல நிக்கும். ரெண்டு இழுவையும் சேந்து கடலைத் தூக்கும். நம்ம கரையில தண்ணி கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமி கிட்ட பாருங்க, நிலா பக்கவாட்டுல போயிடும். ரெண்டும் வேற வேற திசையில இழுக்கும். கடலை இழுக்கிறதுல சூரியனோட பலம் நிலாவோட பலத்துல பாதிக்கும் கொஞ்சம் கம்மிதான், ஆனா அந்த அளவுக்கு நிலாவோட வேலையைக் கெடுத்துடும். அதனால ஏத்தமும் கம்மி, வத்தமும் கம்மி.

தண்ணி ஏறுறதுக்கு எப்பவும் சுமார் ஆறு மணி நேரம்தான். அதே ஆறு மணி நேரத்துல ரெண்டு மீட்டர் ஏறணும்னா தண்ணி ஓடியாகணும். பாதி உயரம்னா மெதுவா நடந்து வந்தாப் போதும். மலாய் மீனவங்க இந்த நாளை "ஆயர் மாத்தி", செத்த தண்ணின்னு சொல்லுவாங்க. கடல் நிலாவுக்குக் கொஞ்சம் தாமதமாத்தான் கீழ்ப்படியும், ஒரு நாளோ ரெண்டு நாளோ. அதனால எனக்கு நவமியும் தசமியும்தான் ராசி. வளர்பிறையில ஒரு தடவை, தேய்பிறையில ஒரு தடவைன்னு மாசத்துக்கு ரெண்டு வாய்ப்பு.

பௌர்ணமி அன்னிக்குப் போனா என்ன ஆகும்? நான் போயிருக்கேன். அப்ப புதுசு, யார் பேச்சையும் கேக்கல. படகுத்துறையில ஒரு பாக் சிக், மலாய்க்காரப் பெரியவரு, "ஆயர் கெஞ்சாங், டிக்"ன்னாரு. தண்ணி வேகமா இருக்குடா தம்பின்னு அர்த்தம். நான் தலையாட்டிட்டுப் போயிட்டேன். 80 கிராம் ஈயம் அடியையே தொடல, காத்தாடி வாலு மாதிரி பின்னால பறந்துச்சு. 200 கிராம் போட்டேன், துக்குன்ல சிக்கி அறுந்துச்சு. கடைசியில நங்கூரமே மாட்டிக்கிச்சு. மச்சான் கயித்தைப் படகோட முன்பக்கம் கட்டாம பக்கவாட்டுல கட்டிட்டாரு. தண்ணி இழுக்குது, படகு ஒரு பக்கமா சாயுது. "மச்சான், அறுத்துடுங்க!"ன்னு கத்துனேன். அறுத்தாரு. அந்த நங்கூரம் இப்பவும் அங்கதான் கிடக்கு, சிப்பி ஒட்டி துக்குன்ல ஒரு பாகமாகியிருக்கும். கயிறு எப்பவும் முன்பக்கம்தான். கைக்கெட்டுற தூரத்துல ஒரு கத்தி.

[காட்சி: ஃபிஷ் ஃபைண்டர் திரை. தட்டையான கோடு, திடீர்னு ஒரு மேடு.]

இப்ப சரியா நிக்கிற விதம். இடத்துக்கு வந்ததும் நங்கூரம் போடாதீங்க. எஞ்சினை நிறுத்திட்டு அஞ்சு நிமிசம் சும்மா மிதங்க. ஜிபிஎஸ்ல படகு போற கோட்டைப் பாத்தா தண்ணியும் காத்தும் சேந்து எந்தப் பக்கம் தள்ளுதுன்னு தெரிஞ்சிடும். ஆழம் 15 மீட்டர்னா கயிறு 50 மீட்டர் விடணும். கயித்தை நேரா கீழ விட்டா நங்கூரம் சேத்தைக் கடிக்காது, சாஞ்சு போனாத்தான் கடிக்கும். அப்படி விட்டா நங்கூரத்துலேருந்து சுமார் 48 மீட்டர் பின்னால படகு வந்து நிக்கும். துக்குனுக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே படகு நிக்கணும்னா, துக்குன்லேருந்து, படகைத் தள்ளுற திசைக்கு எதிர்ப்பக்கமா கிட்டத்தட்ட 60 மீட்டர் தள்ளிப் போயி நங்கூரத்தைப் போடணும். இந்தக் கணக்கைப் போடாம நேரா துக்குன் தலை மேலயே போடுறவங்கதான் மாசத்துக்கு ஒரு நங்கூரம் வாங்குறாங்க.

மெக்சிகோ வளைகுடாப் பக்கம் இதே மாதிரி தட்டையான சின்னப் படகுல, ஜிபிஎஸ் பாத்து தானா ஒரே இடத்துல நிக்கிற மின்சார மோட்டார் வச்சிருக்காங்க. நங்கூரமே வேணாம். கையில காசு இருந்தா வாங்குங்க. எனக்கு அந்த மோட்டார் விலையில இன்னொரு எஞ்சினே வந்துடும் போல.

தூண்டில் கட்டுறதுல ஒரு சின்ன தந்திரம். ஈயத்தை மெல்லிசான தூண்டில் நரம்புல தனியா கட்டுங்க. சிக்குனா ஈயம் மட்டும் அறுந்து போகும், முள்ளும் மீனும் உங்களோடது. இரைக்கு உசிரோட இருக்கிற இறால். வாலுக்குக் கொஞ்சம் மேல குத்துனா ரொம்ப நேரம் துடிச்சிக்கிட்டே இருக்கும்.

[காட்சி: தூண்டில் முனை ஒரு தடவை தட்டுது. ரெண்டாவது தடவை அப்படியே வளைஞ்சு தண்ணியைத் தொடுது.]

இந்த மூணு வினாடிதான். மீன் கடிச்சதும் தலையைப் பொந்துப் பக்கம் திருப்பும். ரீலை இறுக்கமா வச்சு, ரெண்டு மூணு மீட்டர் மேல தூக்கிட்டீங்கன்னா அது வெட்டவெளியில வந்துடும். அதுக்கப்புறம் பொறுமையா விளையாடலாம். உள்ள புகுந்துடுச்சா? இழுக்காதீங்க. நரம்பைத் தளர்த்தி விட்டுட்டு ஒரு கோப்பித் தண்ணி குடிங்க. இழுப்பு இல்லைன்னா சில நேரம் அதுவே தலையை வெளிய நீட்டும்.

சின்ன கெராப்பு வந்தா உடனே விட்டுடுங்க. கெராப்பு பொண்ணாப் பொறந்து, வளந்தப்புறம் ஆணாகிற மீன். சியாக்காப் அப்படியே தலைகீழ், முதல்ல ஆண், பெருசானா பொண்ணு. அப்ப பெரிய சியாக்காப்பையெல்லாம் அள்ளிட்டு வந்தா முட்டை யாரு போடுறது? துக்குன் மீனை உண்டாக்குதா, இல்ல சுத்தியிருக்கிற மீனை ஒரே இடத்துல கூட்டி நமக்குப் பிடிக்க வசதி பண்ணிக் கொடுக்குதான்னு விஞ்ஞானிங்க ரொம்ப வருசமா சண்டை போடுறாங்க. ரெண்டுமேன்னு நான் நெனைக்கிறேன். அதனால ஐஸ் பெட்டி பாதி நிறைஞ்சதும் கிளம்பிடுவேன்.

உஞ்சாம் பாத்தா மட்டும் தள்ளிப் போங்க. தென்னை மட்டையைக் கயித்துல கட்டி, கல்லோ மணல் மூட்டையோ போட்டு மீனவங்க சொந்தமா மீன் சேக்குற இடம் அது. அவங்க வயித்துப் பொழப்பு. கேக்காம அங்க தூண்டில் போட்டோம்னா திட்டு வாங்குவோம், வாங்கணும்.

மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும் விடியக்காலையில மேற்குப் பக்கம் வானத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. சுமத்ராவுலேருந்து கருப்பா ஒரு மேகச் சுவர் நீளமா எழும்பி வந்தா, மீன் கடிச்சிக்கிட்டு இருந்தாலும் நரம்பைச் சுத்திட்டு வந்துடுங்க. 18 அடிப் படகு அந்தக் காத்தைத் தாங்காது. மிதவைச் சட்டை பைக்குள்ள இல்ல, உடம்புல இருக்கணும்.

[காட்சி: பெடோங் வீடு, ராத்திரி. ஐஸ் பெட்டியில ரெண்டு ஜெனாஹாக், ஒரு கெராப்பு.]

நவமி, தசமின்னு ரெண்டு நாள் போனா ஒரு சிக்கல் இருக்கு. மறுநாள் ஏகாதசி. அம்மா விரதம், அடுப்புல மீன் ஏறாது. பாருங்க, செதிள் எடுத்து மஞ்சள் தடவி நேரா ஐஸ் பெட்டியிலேருந்து ஃப்ரீசருக்குள்ள போகுது. தாத்தா கதவைத் திறந்து திறந்து பாத்துக்கிட்டு இருக்காரு.