ஜெயித்தவர் ஏன் டெல்லிக்கு வர வேண்டும்?

நடுவர் அவர்களுக்கும், மயூர் விஹார் குளிரில் பொங்கல் வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். உச்ச நீதிமன்றம் டெல்லியில் மட்டும் இருந்தால் போதுமா, தெற்கே ஒரு கிளை வேண்டுமா என்பது தலைப்பு. கட்டாயம் வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், தடுப்புக்காவலை எதிர்த்த ஏ.கே. கோபாலன் வழக்கையும், கல்லூரி இடஒதுக்கீட்டை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கையும் எடுத்துச் சொன்னார். இரண்டும் மெட்ராஸில் கிளம்பி இங்கே வந்துதான் தீர்ந்தன, அதனால்தான் நாடு முழுக்கச் சட்டத்துக்கு ஒரே குரல் என்றார். உண்மைதான். செண்பகம் வழக்கில் 1951-ல் தீர்ப்பு வந்தது, அதே வருஷம் அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் அன்றைய நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியோடு சேர்த்து மொத்தமே எட்டு இடம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வழக்குக் கேட்ட காலம் அது. இன்றைக்கு 34 இடம். இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து தனித்தனி அறைகளில் உட்கார்கிறார்கள். ஒரு அறையில் சொன்னதற்கு மாறாக இன்னொரு அறையில் சொல்வதும் நடக்கிறது, அப்போது பெரிய அமர்வுக்கு அனுப்பிச் சரிசெய்துகொள்கிறார்கள். அந்த இரண்டு பேர் இங்கே டெல்லி திலக் மார்க்கில் உட்கார்ந்தால் ஒரே குரல், சென்னையில் உட்கார்ந்தால் குரல் உடைந்துவிடுமா? அரசியல் சாசனத்தை விளக்க வேண்டிய முக்கியமான சட்டக் கேள்விக்கு ஐந்து நீதிபதிகளாவது வேண்டும் என்று 145-வது பிரிவு சொல்கிறது. அந்த அமர்வு டெல்லியிலேயே இருக்கட்டும். சட்ட ஆணையம் 2009-ல் தன் 229-வது அறிக்கையில் சொன்னதும் இதைத்தான்: அரசியல் சாசன அமர்வு இங்கே, மேல்முறையீட்டு அமர்வுகள் நான்கு திசையிலும்.

அப்புறம் இன்னொருவர், சின்னச் சின்ன வழக்கையெல்லாம் உச்ச நீதிமன்றம் வரை ஏன் இழுத்துக்கொண்டு வருகிறீர்கள், 136-வது பிரிவு தருவது மேல்முறையீட்டு உரிமை இல்லை, சிறப்பு அனுமதிதானே என்று கேட்டார். இங்கேதான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா திருநெல்வேலிக்காரர். ஒரு அரசுத் துறையில் 11 வருஷம் தினக்கூலி, பிறகுதான் பணிவரன்முறை செய்து நிரந்தரமாக்கினார்கள். அந்தத் தினக்கூலிக் காலத்தில் பாதியையாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார், ஜெயித்தார். இனிப்பு வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது மாசம் அந்தத் துறை டெல்லியில் மேல்முறையீடு போட்டது. பெரியவர்களே, வழக்கை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது என் அப்பா கிடையாது! அவர் ஜெயித்தவர். தோற்ற துறைக்குப் பணமும் ஆளும் இருக்கிறது, டெல்லியில் வக்கீலும் தயாராக இருக்கிறார். ஜெயித்த கிழவர் தன் தீர்ப்பைக் காப்பாற்றிக்கொள்ள சுமார் 2,800 கிலோமீட்டர் ரயிலேற வேண்டும்.

வந்தாரா, மதுரையில் அவருக்காக அத்தனை வருஷம் வாதாடிய வக்கீல் இங்கே ஒரு காகிதம்கூடத் தாக்கல் செய்ய முடியாது. அதற்கென்று தேர்வு எழுதித் தேறிய அட்வகேட் ஆன் ரெக்கார்ட் வேண்டும், அவருடைய அலுவலகம் இந்த நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. சரி, பிடித்தோம். அடுத்து, தமிழில் உள்ள காகிதம் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். பணிப்பதிவேட்டின் மொழிபெயர்ப்பு வந்த ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் வைத்து நான் படித்துக்கொண்டிருந்தேன். நாலாவது பக்கத்தில் "பணிவரன்முறை" என்ற இடத்தில் "அப்பாயின்ட்மென்ட்" என்று போட்டிருந்தது. ஒரு வார்த்தைதான். அன்றைக்குத்தான் அவர் வேலைக்கே சேர்ந்தார் என்று அதற்கு அர்த்தம். 11 வருஷம் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போயிருந்தது, வழக்கே அந்த 11 வருஷத்தைப் பற்றியதுதான். பேனாவால் வட்டம் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சென்னை வக்கீல் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா போதும், பார்த்ததும் இது தப்பும்மா என்று சொல்லியிருப்பார்.

காணொளி விசாரணை வந்துவிட்டதே என்றார்கள். நல்ல ஏற்பாடு, எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். முதல் வாய்தாவை அப்பா ஊரிலிருந்து அண்ணன் போனில்தான் பார்த்தார். பொடிப்பொடியாகச் சில கட்டங்கள், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை, முடிந்தது. அடுத்த தடவை நேரில் வந்தே தீருவேன் என்று வந்தார். ஜனவரி மாசம், குரங்குக் குல்லாவும் என் வீட்டுக்காரருடைய ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, மஞ்சள் பையில் ஃபைலோடு பாஸ் வாங்கும் வரிசையில் நின்றார். உள்ளே எங்கள் வழக்கு 43-வது எண். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, நாலு வாரம் தள்ளிவைக்கிறோம் என்றார்கள், அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா என் பக்கம் குனிந்து, "என்னம்மா, நம்மளக் கூப்ட்டாவளா?" என்று கேட்டார். முடிஞ்சிடுச்சுப்பா என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை, அத்தனை எண்களையும் ஒரு நாளில் கேட்கிற அந்த நீதிபதிகளும் மனிதர்கள்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் அனுபவம் உண்டு. 2004 ஜூலைக்கு முன்னால் கன்னியாகுமரிக்காரரும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. மதுரைக் கிளை வந்தால் உயர் நீதிமன்றம் துண்டாகிவிடும் என்று அப்போதும் பயந்தார்கள். இருபது வருஷம் தாண்டியும் அது ஒரே உயர் நீதிமன்றமாகத்தான் இருக்கிறது. சென்னைக்குப் பஸ் காசு இல்லாமல் விட்டிருக்க வேண்டிய எத்தனையோ பேர் மதுரையில் படியேறியிருக்கிறார்கள், அப்பா உட்பட.

இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். 130-வது பிரிவை எடுத்துப் பாருங்கள்: டெல்லியிலோ, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி குறிக்கும் வேறு இடத்திலோ இடங்களிலோ உச்ச நீதிமன்றம் அமரலாம். எழுதியவர்கள் வாசலைத் திறந்தேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2010-ல் நீதிபதிகள் எல்லோரும் கூடி, வெளியே அமர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று முடிவு செய்தார்கள். காரணம் இருக்கிறது ஐயா, ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

நெல்லையிலிருந்து பார்த்தால் சென்னையும் தூரம்தானே என்று கடைசியாக ஒருவர் கேட்டார். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். வக்கீலிடம் தமிழில் பேசிவிட்டு, அன்று ராத்திரி அதே வண்டியில் ஊருக்குக் கிளம்பிவிடலாம். அப்பா கேட்பது அவ்வளவுதான், நானும் அதைத்தான் கேட்கிறேன் நடுவர் அவர்களே. வணக்கம்.