பராமரிப்பைத் தீர்மானிப்பது கவனிப்பே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'நல்ல நோயாளர் பராமரிப்புக்கு முதன்மையானது நவீன கருவியா, கவனிக்கும் ஆட்களா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஸ்கேன், மொனிற்றர், வென்டிலேட்டர் என்று ஒரு பட்டியலே வாசித்தார். வன்னிக்கு அவை வரட்டும். வேண்டாமென்று நாங்கள் எங்கே சொன்னோம்? முதன்மை எது என்பதுதான் வழக்கு.

காலபோக அறுவடை நேரம். வயலில் கண்ணாடி விரியன் தீண்டிய ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். விஷம் இரத்தத்தைக் கெடுத்துவிட்டதா என்று ஆய்வுகூட அறிக்கைக்குக் காத்திராமல் எப்படி அறிவது? நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருதரம் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து. ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவியிருந்தாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாதவருக்கு மருந்து ஏறும். பொறுமையில்லாமல் இடையில் ஆட்டினாலும் இதே கதைதான். எந்த இயந்திரம் இதைத் தடுக்கும்?

அந்த மருந்தும் லேசுப்பட்டதல்ல. குதிரையின் குருதியிலிருந்து செய்வது. ஒவ்வாமை கடுமையாக வரலாம். அதனால்தான் முதலில் 0.25 மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்குக் கீழே போடுகிறார்கள். அப்படிப் போட்டாலும் தோல் தடிக்கிறதா, மூச்சு இழுக்கிறதா, பிரஷர் இறங்குகிறதா என்று கட்டிலருகே ஒருவர் நிற்கத்தான் வேண்டும். மொனிற்றர் கத்தும், ஏறுகிற மருந்தை அது நிறுத்தாது.

வென்டிலேட்டருக்கே வருகிறேன். எட்டடி விரியன் இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைத் தீண்டும். கடிவாயில் வீக்கம் பெரும்பாலும் இராது. விடியப்புறம் இமை சரியும். 'நித்திரைத் தூக்கம்' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனிப்பதும், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று கேட்பதும்தான் சோதனை. போன மணித்தியாலம் 25 வரை எண்ணியவர் இப்போது 12இல் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது. அந்த 25ஐ எழுதிவைக்க ஆளில்லாவிட்டால் உங்கள் வென்டிலேட்டர் மூலையில்தான் கிடக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போதும் வேலை இருக்கிறது. ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல், மூட்டு நோ, தினவு வந்தால் அது அந்த விஷமுறிவு மருந்தாலும் வரலாம், உடனே திரும்பி வாருங்கள் என்று நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் சொல்லிவிட வேண்டும். எதிரணியின் நீண்ட பட்டியலில் இதற்கு ஒரு வரி இருந்ததா, நடுவர் அவர்களே?