கரண்ட்டை நிறுத்தினால்தான் தீப்பொறி: காரின் இக்னிஷன் காயில்

வணக்கம் மக்களே. கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஆத்தங்குடிக் கல்லில் கறை படக்கூடாது என்று பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் இரண்டு இக்னிஷன் காயிலை வைத்திருக்கிறேன். இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக்கின் பொறி, அந்தப் பொறிக்கு வேண்டிய வோல்ட்டைக் கொடுப்பது இந்தக் காயில். டப்பா மாதிரி இருப்பது அப்பச்சியின் அம்பாசடரில் இருந்தது. கைக்கடக்கமாக, நீளமாக இருப்பது என் வண்டியிலிருந்து போன வாரம் கழற்றியது.

ஐப்பசி மழையில் காரைக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கோட்டையூர் தாண்டியதும் வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பிக்கப் இல்லை, இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் மூன்றாவது சிலிண்டர் காயில் போய்விட்டது என்று புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் அதே சிலிண்டர், அதே கோளாறு. புதுக் காயில் ஏன் போக வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்பச்சியின் காயிலை அறுத்துப் பார்த்தேன்.

இதோ, கிட்டத்தில் காட்டுகிறேன். உள்ளே எண்ணெய் இருந்தது, வடித்துவிட்டேன். நடுவில் இரும்புத் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் தடித்த செம்புக் கம்பி, சில நூறு சுற்று. அதுதான் பிரைமரி. அதற்கு உள்ளே இருக்கும் இந்தக் கம்பியைப் பாருங்கள், தலைமுடி மாதிரி, நகத்தால் இழுத்தாலே அறுந்துவிடுகிறது. இது செகண்டரி, இருபதாயிரம் சுற்று வரை வரும். அதாவது ஏறக்குறைய நூறு மடங்கு.

சரி, பேட்டரி 12 வோல்ட். நூறு மடங்கு என்றால் 1,200 வோல்ட்தானே வர வேண்டும்? பிளக்கில் பொறி பறக்க அது போதாது. மீதி எங்கிருந்து வருகிறது?

வயலில் மோட்டார் ஓடும்போது திடீரென்று கரண்ட் போனால், குழாயில் ‘டம்’ என்று ஒரு அடி விழும், கேட்டிருப்பீர்கள். மேலே ஏறிய தண்ணீர் திரும்பி ஓடி வரும்போது வால்வு சட்டென்று மூடிவிடுகிறது, அந்த வேகம் அழுத்தமாக மாறி அடிக்கிறது. காயிலிலும் அதே கதைதான். பிரைமரியில் சில மில்லி விநாடி கரண்ட் ஓடும்போது இரும்பைச் சுற்றிக் காந்தப்புலம் சேர்கிறது. அந்த நேரம் பார்த்து கரண்ட்டை வெட்டினால் காந்தப்புலம் சடாரென்று சரியும். அந்த வேகத்தில் பிரைமரியிலேயே 300 வோல்ட் அளவுக்கு எகிறும். இப்போது நூறால் பெருக்குங்கள், 30,000 வோல்ட். காந்தப்புலம் மாறினால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டுபிடித்ததுதான் இது. எனக்கு இதில் இன்றும் ஆச்சரியம் தீரவில்லை: கரண்ட் கொடுக்கும்போது பொறி வருவதில்லை, நிறுத்தும்போதுதான் வருகிறது.

அம்பாசடரில் கரண்ட்டை வெட்டியது பாயிண்ட், இன்ஜின் சுழலச் சுழலத் திறந்து மூடும் ஒரு சின்ன ஸ்விட்ச். அது திறக்கும்போது அங்கேயே பொறி அடித்தால் கரண்ட் மெதுவாகத்தான் நிற்கும், பிளக்கில் பலம் இருக்காது. அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் கண்டென்சர். அப்பச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு இடைவெளி பார்ப்பார்கள். நான் டார்ச் பிடிப்பேன். இப்போது அந்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது, ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில். இன்ஜின் 3,000 ஆர்.பி.எம். ஓடினால் ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு 25 பொறி.

இனி என் வண்டிக்கு வருகிறேன். காயில் எப்போதும் ஒரே வோல்ட்டைக் கொடுப்பதில்லை. பிளக் இடைவெளியைத் தாண்டும்வரை ஏறிக்கொண்டே போகும், தாண்டியதும் இறங்கிவிடும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் அது இன்னும் உயரமாக ஏற வேண்டும். உள்ளே இருக்கும் இன்சுலேஷன் எத்தனை நாள் தாங்கும்? என் மூன்றாவது பிளக்கைக் கழற்றி அளந்தேன். 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, 1.3. காயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறையின் உட்புறம் பாருங்கள், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பிளக்கில் பாய வேண்டிய பொறி இந்த வழியாகத்தான் பக்கத்து இரும்புக்கு ஓடியிருக்கிறது. ஈரம் இறங்கிய நாளில் அதற்கு வழி இன்னும் சுலபம். காயிலை மாற்றியவர்கள் பிளக்கைத் தொடவே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் வண்டியிலும் மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடித்தால், இன்ஜினை அணைத்துவிட்டு மூன்றாவது காயிலை ஒன்றாவது சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். கோளாறைக் காட்டும் ஸ்கேனரில், மூன்றாவது சிலிண்டருக்கான பி0303 என்ற எண் போய் ஒன்றாவதுக்கான பி0301 வந்தால் காயில்தான். மாறவில்லை என்றால் பிளக்கைப் பாருங்கள், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பாருங்கள். ஓடும் இன்ஜினில் காயிலை உருவாதீர்கள், ஷாக் பலமாக அடிக்கும். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அப்படியே ஓட்டவும் வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

நாலு பிளக்கும் புதிது வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டிருக்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகலாம், வாருங்கள், மாட்டிவிடுவோம்.